வீட்டை அடமானம் வைத்து விமானம் ஓட்டக் கற்கலாமா?

கேள்வி: மேடம், எனக்கு 16 வயது. பிளஸ் ஒன், கணிதம் - கணினி அறிவியல் குரூப், தமிழ் மீடியம். வீடு பம்மலில். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் இறங்கி வரும் விமானத்தின் சக்கரம் வரை தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்தே பைலட் ஆசை. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா வீட்டிலேயே தையல். ஒரு கன்சல்டன்சிக்காரர் வீட்டுக்கு வந்து, இப்போதே 2 லட்சம் கட்டினால் சீட் பிளாக் ஆகிவிடும், மொத்தம் 55 லட்சம், லோன் நாங்களே வாங்கித் தருகிறோம், வேலை நூறு சதவீதம் நிச்சயம் என்கிறார். சீக்கிரம் ஆரம்பிக்காவிட்டால் லேட் ஆகிவிடுமாம். அப்பா வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைத்துவிட்டார். அம்மா அழுகிறார். குறைந்த செலவில் பறக்கக் கற்க வழியே இல்லையா?
- வாசகி, பம்மல்

பதில்:

முதலில் அவசரமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். அந்த 2 லட்சத்தை அப்பா கட்ட வேண்டாம். பத்திரம் பீரோவுக்குள் திரும்பிப் போகட்டும். இன்னும் பிளஸ் டூ முடிக்காத, மருத்துவப் பரிசோதனையே செய்துகொள்ளாத ஒரு பெண்ணுக்கு 'சீட் பிளாக்' செய்ய எதுவும் இல்லைம்மா. வேலை நூறு சதவீதம் நிச்சயம் என்று எந்தப் பயிற்சிப் பள்ளியும் சொல்ல முடியாது, ஏனென்றால் வேலை கொடுப்பது பள்ளி இல்லை, விமான நிறுவனம். லைசென்ஸ் வாங்கிய பிறகும் ஏர்பஸ், போயிங் போன்ற குறிப்பிட்ட விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் என்ற பயிற்சிக்குத் தனியாகப் பல லட்சம் செலவு இருக்கிறது. அந்த 55 லட்சத்தில் இது அடக்கமா என்று ஒரு கேள்வி கேட்கச் சொல், பேச்சு எப்படி மாறுகிறது என்று அப்பாவே பார்ப்பார்.

அந்த லோனையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 50 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 69,000 ரூபாய். படிப்பு முடிந்து வேலை கிடைக்க ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆனால் அந்த மாதங்களில் இதை யார் கட்டுவது? கல்விக்கடனில் பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி சொத்து ஈடு கேட்கும், அதனால்தான் உங்கள் வீட்டுப் பத்திரம் வெளியே வந்திருக்கிறது. நீ பைலட் ஆக முடியாது என்று நான் சொல்லவில்லை, ஆக முடியும். ஆனால் உன் வீட்டு நிலைமையில் பணம் கடைசியாக உள்ளே வர வேண்டிய விஷயம், அந்தக் கன்சல்டன்சிக்காரரோ அதை முதலில் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

லேட் ஆகிவிடும் என்ற பயத்தையும் விட்டுவிடு. விமானிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கிற மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி மாணவர் விமானி லைசென்ஸுக்கு 16 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் போதும். தனியார் விமானி லைசென்ஸ், அதாவது பிபிஎல்லுக்கு 17 வயது, 40 மணி நேரப் பறத்தல். சம்பளம் வாங்கி ஓட்டுவதற்கான வணிக விமானி லைசென்ஸ், சிபிஎல்லுக்கு 18 வயது, 200 மணி நேரம், பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும். உன் குரூப்பில் இரண்டும் இருக்கின்றன. (காமர்ஸ் எடுத்துவிட்டு வருத்தப்படுகிற பிள்ளைகள் இதைப் படித்தால், தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம்.) இவை எல்லாம் குறைந்தபட்ச வயதுகள், யாரையும் துரத்துகிற கெடு கிடையாது. என்னிடம் 26 வயதில் வந்து கற்றுக்கொண்டு இன்று ஏர்பஸ் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 200 மணி நேரமும் சிபிஎல்லுக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 5 வருடத்துக்குள் பறந்ததாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. ஆசைக்காக 16 வயதில் பத்து மணி நேரம் பறந்துவிட்டு, காசில்லாமல் ஆறேழு வருடம் நின்றுபோனால் அந்தப் பத்து மணி நேரம் கணக்கிலேயே வராது. சம்பாதிக்க உதவாத பிபிஎல்லைத் தனியாக வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை, நேராக சிபிஎல்லுக்குப் போகலாம். சின்ன வயதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பறப்பது பணமுள்ள வீட்டுக்குச் சரி, உனக்குச் சரிவராது.

பறத்தலின் செலவு எங்கே போகிறது என்று தெரிந்தால் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். சின்னப் பயிற்சி விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள், 200 மணி நேரத்துக்கு 30 லட்சம். அதன் மேல் விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம். ஆனால் 200 மணி நேரத்தோடு முடிக்காமல் 230, 240 என்று இழுத்துக்கொண்டு போகிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். அவர்கள் மக்கு இல்லை. தரையில் கற்க வேண்டியதை வானத்தில் கற்கிறார்கள், அவ்வளவுதான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, மீட்டர் ஓடிக்கொண்டிருக்க, 'அடுத்து என்ன செக் செய்ய வேண்டும்?' என்று யோசிக்கிற ஒவ்வொரு நிமிடமும் 250 ரூபாய்.

உன் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும்தானே? அதுதான் உன் முதல் விமானம். செஸ்னா 152 என்ற சின்னப் பயிற்சி விமானத்தின் காக்பிட் படத்தை இணையத்தில் எடுத்து, சார்ட் பேப்பரில் அதே அளவில் வரைந்து சுவரில் ஒட்டு. நாற்காலியில் உட்கார், வலது கையில் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டில் இருப்பதாக வைத்துக்கொள், கண்ணை மூடிக்கொண்டு உயரம் காட்டுகிற ஆல்டிமீட்டர் எங்கே, கார்பரேட்டர் ஹீட் எங்கே, ஃபிளாப் சுவிட்ச் எங்கே என்று கை தானாகப் போகும் வரை பழகு. அப்புறம் ஒரு சர்க்யூட்டை, அதாவது கிளம்பி, ஏறி, திரும்பி, ஓடுபாதைக்கு இணையாகப் பறந்து, மறுபடி திரும்பி இறங்குவது வரை, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டு. பிரேக், எரிபொருள்-காற்றுக் கலவை, எரிபொருள் அளவு, பெல்ட் என்று தரையிறங்கும் முன் பார்க்க வேண்டிய செக்குகளைச் சத்தமாகச் சொல். அம்மா சிரிப்பார், பரவாயில்லை. ஏர்லைன் கேப்டன்கள் கூட சிமுலேட்டர் தேர்வுக்கு முந்தின இரவு ஹோட்டல் அறையில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள், இதற்கு சேர் ஃபிளையிங் என்று பெயரே உண்டு. இப்படிப் பழகி வந்த மாணவர்கள் மற்றவர்களைவிட ஐந்தாறு மணி நேரம் முன்னாலேயே தனியாகப் பறப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது 75,000 ரூபாய் முதல் 90,000 ரூபாய் வரை மிச்சம், அதுவும் வெறும் நாற்காலியில். பள்ளியிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் கிடைத்தால் ஃபிளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டரைப் போட்டுக்கொள், ஆனால் அதில் ஜம்போ ஜெட்டை எடுத்து விளையாடாமல் செஸ்னாவை மட்டும் ஓட்டு. ஒரே உயரத்தில், ஒரே திசையில் பத்து நிமிடம் பிடித்து நிறுத்த முடிகிறதா பார்.

அடுத்தது உன் மொட்டைமாடி. இதை எழுதும்போது எனக்கே பொறாமையாக இருக்கிறது, ஏனென்றால் மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுபாதைக்கு நேர் கோட்டில் உட்கார்ந்திருக்கிறாய். சில நாள் விமானம் உன் தலைக்கு மேல் தாழ்ந்து இறங்கிக்கொண்டு வரும், சில நாள் அதே இடத்தில் உறுமிக்கொண்டு ஏறிப் போகும், கவனித்திருக்கிறாயா? விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். எதிர்க்காற்று இருந்தால் இறக்கைக்குத் தேவையான காற்று வேகம் தரையில் குறைந்த வேகத்திலேயே கிடைத்துவிடும், ஓடுபாதையும் குறைவாகப் போதும். கடலிலிருந்து காற்று வீசினால் விமானங்கள் மேற்கிலிருந்து, பம்மல் மேலாக இறங்கும். மேல்காற்று வீசினால் உன் பக்கமாகக் கிளம்பிப் போகும். அந்த ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் பெயர், திசைகாட்டியில் 70 டிகிரி, 250 டிகிரி என்பதன் சுருக்கம். ஜூன், ஜூலை மாதங்களில் காலையில் ஏறிக்கொண்டிருந்த விமானங்கள் மத்தியானத்துக்கு மேல் திடீரென்று இறங்க ஆரம்பித்தால், கடல்காற்று உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். நாம் 'அப்பாடா, காத்து வந்துடுச்சு' என்று சொல்வோமே, அதே காற்றுதான்.

ஒரு நோட்டுப் போடு. தினமும் ஒரே நேரத்தில், ஏறுகிறதா இறங்குகிறதா, மேகம் எப்படி, மழை உண்டா என்று எழுது. பக்கத்திலேயே அந்த நேரத்து மீட்டாரையும் எழுது. மீட்டார் என்பது விமான நிலைய வானிலைக் குறிப்பு, சென்னைக்கு அரை மணிக்கு ஒன்று வரும், இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், சென்னையின் குறியீடு விஓஎம்எம். முதலில் சங்கேத மொழி போல இருக்கும். காற்றின் திசை, வேகம், பார்வைத் தூரம், மேகத்தின் உயரம், வெப்பநிலை, அழுத்தம் என்று வரிசை பிடிபட்டுவிட்டால் ஒரு வாரத்தில் பழகிவிடும். நேரம் மட்டும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரம் தெரிய அதோடு ஐந்தரை மணி கூட்டிக்கொள். வானிலையியல் தேர்வுக்குப் பெரிய காசு கொடுத்து கோச்சிங் போகிறவர்கள் மனப்பாடம் செய்வதை, நீ இரண்டு பருவமழை பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பாய்.

தேர்வு என்றதும் ஞாபகம் வருகிறது, தமிழ் மீடியம் என்று தயங்கி எழுதியிருந்தாயே. நானும் தமிழ் மீடியம்தான், செங்கல்பட்டுப் பக்கம் அரசுப் பள்ளி. சிபிஎல்லுக்கு வழிசெலுத்துதல், வானிலையியல், விதிமுறைகள், தொழில்நுட்பம் என்று டிஜிசிஏ தேர்வுகள் உண்டு, ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி, சென்னையிலேயே எழுதலாம். இதோடு ஆர்டிஆர் என்ற ரேடியோ தேர்வு ஒன்று இருக்கிறது, பலருக்கு அதில்தான் நடுக்கம். ஆனால் ரேடியோவில் பேசுகிற ஆங்கிலம் இலக்கிய ஆங்கிலம் இல்லை, சில நூறு வார்த்தைகளும் மாறாத சில வாக்கிய வடிவங்களும்தான். தரையிலிருந்து விமானங்களை வழிநடத்துகிற கன்ட்ரோலர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லத் தெரிய வேண்டும், எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், எழுத்துகளை ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் போகும்போது முன்னால் போகிற வண்டி நம்பர் பிளேட்டையெல்லாம் இப்படி வாசித்துக்கொண்டே போ, ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். படிக்க வேண்டிய பாடமும் காசு கேட்பதில்லை. அமெரிக்காவின் விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ தன் விமானிக் கையேடுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. விதிமுறைகள் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் இறக்கை ஏன் தூக்குகிறது என்பது எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். பிளஸ் டூ முடித்ததும் டிஜிசிஏவில் கம்ப்யூட்டர் நம்பர் என்ற தேர்வுப் பதிவு எண்ணுக்கு விண்ணப்பித்து, விமானத்தில் கால் வைப்பதற்கு முன்பே தேர்வுகளை முடித்துவிடு. தேர்வு முடிக்காமல் பறக்கப் போய், நடுவில் படிக்க உட்கார்ந்து, பறத்தல் நின்று, விடுதி வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கண். எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனைக்கு அம்மாவோடு ஒரு நாள் போய், பார்வையும் நிறப்பார்வையும் பரிசோதித்துக்கொள். 1819இல் தொடங்கிய மருத்துவமனை அது, உலகத்தின் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கிற இஷிஹாரா அட்டைகளைக் காட்டுவார்கள், ஐந்து நிமிட வேலை. கண்ணாடி போட்டிருந்தால் அதனால் மட்டும் கதவு மூடிவிடாது. நிறப்பார்வைக் குறைபாடு இருந்தால்தான் பெரிய சிக்கல், அதை 16 வயதில் தெரிந்துகொள்வது நல்லது, 30 லட்சம் கட்டிய பிறகு தெரிந்துகொள்ளக் கூடாது. அது சரியாக இருந்தால், பயிற்சிக்குப் போவதற்கு முன் டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, அதோடு நிற்காமல் முதல் வகுப்புச் சான்றும் வாங்கிவிடு. சிபிஎல்லுக்கு முதல் வகுப்பு இல்லாமல் ஒன்றும் நடக்காது. இந்தப் பரிசோதனைக்கு ஆகிற சில ஆயிரம் ரூபாயில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

சரி, இதெல்லாம் செய்தாலும் அந்த 30 லட்சம் எங்கிருந்து வரும்? உனக்கு ஏற்ற வழிகளில் முதலாவது, காசே வாங்காமல், இன்னும் சொன்னால் காசு கொடுத்து, பறக்கக் கற்றுக்கொடுக்கிற விமானப்படை. பிளஸ் டூ படிக்கும்போதே என்டிஏ, அதாவது தேசிய பாதுகாப்பு அகாடமித் தேர்வு எழுதலாம். பதினாறரை வயது முதல் பத்தொன்பதரை வயது வரை, வருடத்துக்கு இரண்டு முறை யுபிஎஸ்சி நடத்துகிறது. 2021 முதல் பெண்களுக்கும் திறந்துவிட்டார்கள், பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணமும் இல்லை. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும் என்பதால் கணிதத்தை இப்போதிருந்தே ஆங்கிலத்திலும் படித்துப் பழகு. அது கை நழுவினாலும் டிகிரி முடித்து விமானப்படையின் ஏஎஃப்கேட் தேர்வு எழுதலாம், 20 வயது முதல் 24 வயது வரை. கல்லூரியில் சேரும்போது என்சிசி ஏர் விங் இருக்கிற கல்லூரியாகப் பார். ஏர் விங் கேடட்டுகளை மைக்ரோலைட் விமானத்தில் ஏற்றிப் பறக்க வைக்கிறார்கள், 'சி' சான்றிதழ் வாங்கினால் ஏஎஃப்கேட் எழுதாமலேயே நேர்முகத்துக்குப் போகத் தனி வழியும் உண்டு. ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கவனம்: விமானிகளைத் தேர்ந்தெடுக்கும் சிபிஎஸ்எஸ் என்ற கணினித் தேர்வை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். 'சும்மா ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரேன்' என்று போகக் கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது ராணுவ வாழ்க்கை. பறக்கக் கற்றுக்கொண்டு வெளியே வந்துவிடலாம் என்ற நினைப்போடு போகாதே, சீருடையும் பிடிக்க வேண்டும்.

ராணுவம் வேண்டாம் என்றால், முதலில் சம்பாதி, பிறகு பற. நிறைய பேருக்கு இது கசக்கும், ஆனால் நான் தைரியமாகச் சொல்கிற வழி இதுதான். இயற்பியல், கணிதத்தோடு பி.எஸ்சி அல்லது இன்ஜினியரிங் முடித்து, விமான நிலைய ஆணையத்தின் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர் (ஏடிசி) வேலைக்குத் தேர்வு எழுது. நல்ல சம்பளம், வானத்தோடேயே இருக்கிற வேலை. ஐந்து வருடம் சேமித்து, மிச்சத்துக்குச் சின்னக் கடன் வாங்கி, 27 வயதில் சிபிஎல் ஆரம்பித்தால் அப்பாவின் வீடு அப்பாவிடமே இருக்கும்.

அமேதி மாவட்டத்தில் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருக்கிறது. நுழைவுத் தேர்வு, இட ஒதுக்கீடு எல்லாம் உண்டு, பயிற்சிக்கு நல்ல பெயர், ஆனால் அரசுப் பள்ளி என்பதால் மலிவு என்று நினைத்துவிடாதே, அங்கேயும் 45 லட்சத்தைச் சுற்றித்தான். நீங்கள் பட்டியல் சாதிக் குடும்பமாக இருந்தால் மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைப் பட்டியலில் சிபிஎல் பயிற்சியும் இருக்கிறது, செங்கல்பட்டு கலெக்டர் அலுவலகத்தில் ஆதிதிராவிடர் நலப் பிரிவில் போய் விசாரியுங்கள்.

என்றைக்காவது ஒரு பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டும் நாள் வந்தால், எனக்கு நடந்தது உனக்கு நடக்கக் கூடாது. என் அப்பா பி.எஃப் பணம் முழுவதையும் எடுத்து, வெளிமாநிலத்தில் ஒரு பள்ளிக்கு மொத்தமாகக் கட்டினார். போன இரண்டாவது மாதம் அங்கிருந்த இரண்டு விமானங்களில் ஒன்று உதிரி பாகத்துக்காக நின்றது, கொஞ்ச நாளில் இன்னொன்றும் நின்றது. ஐந்து மாதம் விடுதியில் உட்கார்ந்து ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி பறக்க ஆரம்பித்தபோது கை மறந்துபோயிருந்தது, கற்றதையே திரும்பக் கற்க ஒன்பது மணி நேரம் கூடுதலாக ஆனது, அந்தப் பணத்தையும் நாங்கள்தான் கட்டினோம். திருப்பிக் கேட்க எங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லை. அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கூடக் கடிந்து பேசவில்லை, அதுதான் இன்று வரை வலிக்கிறது.

அதனால் எந்தப் பள்ளியானாலும் நேரில் போ. டிஜிசிஏ இப்போது பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடுகிறது, அதைப் பார்த்துவிட்டுப் போ. ஆபீஸில் எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்காதே, இன்றைக்கு எத்தனை பறக்கிறது என்று கேள். எத்தனை மாணவர்கள், எத்தனை இன்ஸ்ட்ரக்டர்கள், போன மாதம் ஒரு மாணவர் சராசரியாக எத்தனை மணி நேரம் பறந்தார் என்று கேள். அப்புறம் வாசலில் இருக்கிற டீக்கடைக்குப் போய், அங்கே நிற்கிற மாணவர்களிடம் அதே கேள்விகளைக் கேள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் மேலே பேசு. பறந்த மணி நேரத்துக்குத் தகுந்தபடி தவணையில்தான் கட்டுவோம், நடுவில் நிறுத்தினால் மிச்சம் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுதிக் கொடுங்கள் என்று அப்பாவை நேரிடையாகக் கேட்கச் சொல்.

நீ கேட்காத ஒன்று, ஆனால் அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டிருப்பார்கள்: பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இது? 1951இல் உஷா சுந்தரம் என்ற பெண், தன் கணவர் கேப்டன் சுந்தரத்தோடு சேர்ந்து, மெட்ராஸ் அரசுக்காக வாங்கிய டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய் வரை ஓட்டிக்கொண்டு வந்தார். வேளச்சேரிப் பக்கம் ப்ளூ கிராஸ் பார்த்திருப்பாயே, அதைத் தொடங்கியவர்களும் இதே குடும்பம்தான். கேட்கிறவர்களிடம் இதைச் சொல்.

இந்தச் சனிக்கிழமை எழும்பூர் போய்விட்டு வா. நிறப்பார்வை பற்றி என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது, என்டிஏவா ஏடிசியா என்று அதற்கு அப்புறம் உட்கார்ந்து பேசலாம். அந்தக் கன்சல்டன்சிக்காரர் மறுபடி வந்தால், மகளுக்கு மெடிக்கல் முடியட்டும் என்று மட்டும் அப்பா சொன்னால் போதும். அதற்கு மேலும் அவர் விடாமல் பேசினால், என்னோடு பேசச் சொல்.